பிள்ளையைச் சுமந்த உடம்பு, பிள்ளையின் அப்பா தரும் கிட்னியை ஏன் மறுக்கிறது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 42 வயது. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் கணவர் தன் கிட்னியைத் தருகிறேன் என்று முன்வந்தார். நான் ஏ பாசிட்டிவ், அவர் ஓ பாசிட்டிவ். குரூப் ஒத்துப்போகும் என்றார்கள். அவருக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம், எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ‘உங்க ரத்தத்துல உங்க கணவருக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கும்மா, இந்தக் கிட்னியை வைக்க முடியாது’ என்றார் டாக்டர். பிரசவத்தில் வந்திருக்கும் என்றும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு 20 வயதில் மகள், 16 வயதில் மகன். நடுவில் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. என் மாமியார், ‘இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் பிள்ளை இவளோட ஒட்டலைன்னுதானே அர்த்தம்’ என்று சொல்லிவிட்டார். அது போகட்டும். என் பிள்ளைகளில் பாதி அவர்தானே? பத்து மாதம் வைத்துக் காப்பாற்றிய உடம்பு இப்போது ஏன் மறுக்கிறது? மகள் ‘நான் தர்றேம்மா’ என்று நிற்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?”

அன்புள்ள சகோதரி,

“அது போகட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது போகவில்லை என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆன்டிபாடி என்பது, அந்நியம் என்று கண்டதைத் தாக்க உடம்பு செய்துகொள்ளும் ஒரு புரதம். கொடுப்பவரின் செல்களோடு உங்கள் ரத்தத்தைச் சேர்த்து, அவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கிராஸ்மேட்ச். உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிக்கும் உங்கள் மனசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் அவருடைய பிள்ளைகளைச் சுமந்தீர்கள், அதனால்தான் அது உங்களுக்கு வந்தது. பிள்ளையே பெறாத பெண்ணுக்கு, ரத்தமும் ஏற்றியிருக்காவிட்டால், கணவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒட்டியதற்கான அடையாளத்தை ஒட்டாததற்கான அடையாளம் என்று அந்தப் பெரியவர் புரிந்துகொண்டிருக்கிறார். மகன் ஆபரேஷன் டேபிளில் படுக்கப்போகிறானே என்ற பயமும் அந்த வார்த்தைக்குள் இருந்திருக்கலாம். உங்கள் கணவர் இதை அவரிடம் எடுத்துச் சொல்வது நல்லது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதை 1953இல் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார். இன்னொருவரின் தோலை எடுத்து ஒட்டினால் சில வாரங்களுக்குள் உதிர்த்துத் தள்ளிவிடுகிற உடம்பு, பாதி அந்நியமான ஒரு குழந்தையை மாதக்கணக்கில் எப்படித் தாங்குகிறது என்பது அவர் கேள்வி. மூன்று ஊகங்களையும் சொன்னார்: இருவருக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கலாம், குழந்தையின் செல்கள் முதிராததால் அடையாளம் காட்டாமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்புச் சக்தி அந்தக் காலத்தில் மந்தமாகலாம். பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் கடைசி இரண்டும் நிற்கவில்லை. கருவின் செல்கள் அடையாளம் காட்டத்தான் செய்கின்றன, கர்ப்பிணியின் எதிர்ப்புச் சக்தியும் தூங்கிவிடுவதில்லை. முதல் ஊகம் ஓரளவு சரி. ஆனால் அந்தத் தடுப்பு சும்மா நிற்கிற சுவர் அல்ல, வேலை செய்துகொண்டே இருக்கிற சுவர்.

அடையாளம் என்று சொன்னேனே, அதன் பெயர் எச்.எல்.ஏ. நம் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் புரதங்கள் இவை. ஆறாவது குரோமோசோமில் இவற்றுக்கான மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வரிசை அம்மாவிடமிருந்து, ஒரு வரிசை அப்பாவிடமிருந்து வருகிறது. உங்கள் மகளிடம் உங்கள் வரிசை ஒன்றும் உங்கள் கணவரின் வரிசை ஒன்றும் இருக்கும். அந்த இரண்டாவது வரிசை உங்கள் உடம்புக்கு அந்நியம்.

இப்போது கருப்பையை நினைத்துப் பாருங்கள். உங்கள் ரத்தம் குழந்தையின் ரத்தக் குழாய்க்குள் ஓடுவதில்லை. அது நஞ்சுக்கொடியின் வெளிப்புறச் செல்களை நனைத்துவிட்டுத் திரும்புகிறது. அந்தச் செல்கள் குழந்தையைச் சேர்ந்தவை, ஆனால் எச்.எல்.ஏ. ஏ, பி என்ற பெரிய அடையாளங்களை அவை வெளியே காட்டுவதில்லை. கருப்பைச் சுவருக்குள் ஊன்றும் நஞ்சுக்கொடிச் செல்கள், அதற்குப் பதிலாக எச்.எல்.ஏ. ஜி என்ற, ஆளுக்கு ஆள் அதிகம் மாறாத ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றன. ‘இது பகை இல்லை’ என்று அது கருப்பையின் காவல் செல்களிடம் சொல்கிறது. இதோடு, எதிர்ப்புச் சக்தியின் வெள்ளணுக்களில் டி செல்கள் என்று ஓர் இனம் உண்டு; அவற்றில், மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் ஒருவகையும் கர்ப்பத்தில் பெருகுகிறது. இந்த அடக்கும் செல்களைக் கண்டறிந்ததற்குத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் ஷிமோன் சகாகுச்சிக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் கிடைத்தது. ஆக, உங்கள் உடம்பு குழந்தையை ஏற்றுக்கொண்டது உண்மை. உங்களுக்குத் தெரியாமலே அதற்காக மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறது.

ஆனால் அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. கர்ப்ப காலத்திலேயே குழந்தையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாயின் ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். பிரசவத்தின்போது இன்னும் அதிகமாக வரும். கரு கலையும்போதும் வரலாம். வந்தவை எல்லாம் உடனே அழிந்தும் விடுவதில்லை. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்கள் இருந்ததை 1996இல் அமெரிக்காவில் டயானா பியாங்கியின் குழு கண்டது. நம் பிள்ளைகள் நம்மை விட்டு முழுசாக வெளியே போவதே இல்லை என்று இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது. அப்படி வந்த செல்களின் மேல் அப்பாவின் எச்.எல்.ஏ. இருக்கிறது. அதைப் பார்த்த பி செல்கள் ஆன்டிபாடியைச் செய்கின்றன. செய்துவிட்டு அதை நினைவிலும் வைத்துக்கொள்கின்றன.

நெகட்டிவ் குரூப் தாய்மார்களுக்குப் பிரசவம் ஆனதும் ஓர் ஊசி போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். குழந்தையின் ஆர்.எச். அடையாளத்துக்கு எதிராகத் தாய் ஆன்டிபாடி செய்துவிடாமல் தடுக்கிற ஊசி அது. 1968இலிருந்து இருக்கிறது. எச்.எல்.ஏ. விஷயத்தில் அப்படி ஓர் ஊசி இன்னும் கிடையாது. தேடாததற்கு ஒரு காரணம், இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. பல வருடம் கழித்துத் தாய்க்கே ஒரு சிறுநீரகம் தேவைப்படும்போதுதான் அவை இருப்பதே தெரியவருகிறது.

உங்களுக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரத்ததானம் செய்த பெண்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஒரு முறை கருவுற்றவர்களில் 100க்கு 11 பேரிடமும், நான்கும் அதற்கு மேலும் கருவுற்றவர்களில் 100க்கு 32 பேரிடமும் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி இருந்தது. சொல்லப்போனால், எச்.எல்.ஏ. பற்றிய அறிவில் பெரும்பங்கு தாய்மார்களின் ரத்தத்திலிருந்து வந்ததுதான். கருவுற்ற பெண்களின் ரத்தத்தில் மற்றவர்களின் வெள்ளணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை 1958இல் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் நெதர்லாந்தில் யான் வான் ரூடும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள், யாருக்கு யார் உறுப்புப் பொருந்தும் என்று பார்க்கும் லேப்களில் பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தைத்தான் பரிசோதனைப் பொருளாக வைத்திருந்தார்கள். உங்களுக்கு இன்று இடைஞ்சலாக நிற்கிற அதே பொருள் எத்தனையோ பேருக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருக்கிறது.

சரி, குழந்தையை ஒன்றும் செய்யாத ஆன்டிபாடி கிட்னியை மட்டும் ஏன் தாக்க வேண்டும்? வித்தியாசம் ரத்தக் குழாயில் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் கொடுத்தவருடையவை. அவற்றின் உட்சுவர் முழுக்க அவருடைய எச்.எல்.ஏ. அடையாளங்கள். அந்தக் குழாய்க்குள் ஓடப்போவது உங்கள் ரத்தம். நஞ்சுக்கொடி அடையாளத்தை மறைத்துக்கொண்டு நடுவில் நின்றது போல இங்கே நடுவில் நிற்க யாரும் இல்லை. ஆன்டிபாடி தயாராக இருந்தால், ஆபரேஷனில் ரத்தக் குழாயை அடைத்திருக்கும் கிளாம்ப்பை எடுத்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உட்சுவரில் ஒட்டி, ரத்தம் உறைந்து, சிறுநீரகம் கருநீலமாகிவிடும். 1969இல் படேல், தெராசாகி என்ற இருவர் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் பொருத்தப்பட்ட 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன. நெகட்டிவாக இருந்த 195இல் 8 மட்டுமே அப்படி ஆனது. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் கிராஸ்மேட்ச் பார்க்காமல் ஆபரேஷன் இல்லை என்று ஆனது. உங்கள் டாக்டர் “வைக்க முடியாது” என்று சொன்னது உங்களையும் உங்கள் கணவரையும் காப்பாற்றிய வார்த்தை. காரணத்தையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் உடம்பு ஏற்றுக்கொண்டதா, மறுத்ததா? இரண்டும் நடந்திருக்கிறது என்பதுதான் இன்றைய பதில். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அனிதா சோங், மரியா லூயிசா அலெக்ரே ஆகியோரின் குழு 2021இல் வெளியிட்ட எலி ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. குட்டி போட்ட தாய் எலிகளுக்கு, குட்டிகளின் அடையாளம் கொண்ட இதயத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். தாய் எலிகளின் டி செல்கள் அந்த அடையாளத்துக்குப் பழகிப் போயிருந்தன. ஆனால் கர்ப்பத்தில் உண்டான ஆன்டிபாடிகள் அந்தப் பழக்கத்தையும் மீறி இதயத்தை அழித்தன. அந்த ஆன்டிபாடியைச் சுரக்க முடியாதபடி வளர்த்த எலிகளிலோ பொருத்திய இதயம் தானாகவே நிலைத்தது. அதாவது ஒரே கர்ப்பத்தில், உடம்பின் ஒரு படை சமாதானமாகிவிடுகிறது, இன்னொரு படை ஆயுதம் செய்து வைத்துக்கொள்கிறது. எலியில் கண்டதை மனிதரில் மருந்தாக்க இன்னும் தூரம் இருக்கிறது. இருந்தாலும், ஆன்டிபாடியை மட்டும் அடக்க முடிந்தால், பிள்ளை பெற்ற உடம்பு கணவரின் உறுப்பை மற்றவர்களைவிட நன்றாகவே ஏற்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது இடம் தருகிறது. இந்தத் துறையில் நான் மிகவும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான்.

இப்போது மகளைப் பற்றி. வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன். உங்கள் ஆன்டிபாடியைத் தூண்டியது கணவரின் அடையாளம் முழுவதும் அல்ல, பிள்ளைகள் வழியாக உங்களுக்குள் வந்த பாதிதான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அவருடைய இரண்டு வரிசைகளில் ஏதோ ஒன்று வந்திருக்கும். மகளுக்குப் போன வரிசைக்கு எதிராகத்தான் உங்கள் ஆன்டிபாடி என்றால், அவள் கிட்னியும் அப்பாவுடையதைப் போலவே தாக்கப்படும். மகனுக்குப் போன வேறு வரிசைக்கு எதிரானது என்றால், மகளோடு கிராஸ்மேட்ச் நெகட்டிவாகக்கூட வரலாம். அப்போதும் நான் தயங்குவேன். அவளைச் சுமந்தபோது உண்டான நினைவுச் செல்கள் டெஸ்ட்டில் தெரியாமல் ஒளிந்திருந்து, அவள் சிறுநீரகத்தைக் கண்டதும் விழித்துக்கொள்ளலாம். இன்னொன்று, அவளுக்கு 20 வயது. கனடாவில் சிறுநீரகம் கொடுத்த பெண்களை ஆராய்ந்து 2015இல் வந்த ஒரு கட்டுரையில், கொடுத்த பிறகு கருவுற்றவர்களில் 100க்கு 11 கர்ப்பங்களில் ரத்த அழுத்தக் கோளாறு வந்தது. கொடுக்காதவர்களில் அது 5. பெரும்பாலான தாய்களும் குழந்தைகளும் நலமாகவே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வேறு வழிகளைப் பார்க்காமல் அவளிடம் போக வேண்டியதில்லை. “நீ தர்றேன்னு சொன்னதே போதும்மா” என்று அவளிடம் சொல்லுங்கள். மகன் 18 வயது ஆகாதவன், அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

வேறு வழி என்றதும் முதலில் எனக்குத் தோன்றுவது, உங்கள் கணவரின் கிட்னி வீணாகவில்லை என்பதுதான். உங்களுக்குத்தான் அது ஆகாது. அவர் ஓ குரூப். ஓ குரூப் நோயாளி ஒருவர் இருக்கிறார், அவருடைய மனைவி ஏ குரூப் என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்மா தன் கணவருக்குத் தர முடியாது, குரூப் ஒத்துவராது. உங்கள் கணவர் அவருக்குத் தரலாம். அந்த அம்மா உங்களுக்குத் தரலாம், உங்கள் ஆன்டிபாடி அவருடைய அடையாளங்களைத் தாக்காமல் இருந்தால். இதற்கு ஸ்வாப் என்று பெயர். 1991இல் தென் கொரியாவில் முதன்முதலில் செய்தார்கள். இந்தியாவில் 2011இல் உறுப்பு மாற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் கொடுக்க வந்தவரும் நோயாளியும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அனுமதிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். கணவன் மனைவி நெருங்கிய உறவில் சேர்த்திதான். ஓ குரூப் கொடையாளரை ஸ்வாப்பில் எல்லோரும் தேடுவார்கள், அதனால் உங்கள் ஜோடிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் ஸ்வாப் பட்டியல் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் கூடப் பிறந்தவர்கள், அம்மா, அப்பா யாரும் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கூடப் பிறந்த ஒருவர் உங்களோடு எச்.எல்.ஏ.வில் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முழுசாகப் பொருந்தினால் உங்கள் ஆன்டிபாடிக்கு அங்கே வேலையே இல்லை. பாதிதான் பொருந்துகிறது என்றாலும், அந்த மீதிப் பாதியில் உங்கள் ஆன்டிபாடி குறிவைக்கும் அடையாளம் இல்லாவிட்டால் போதும். நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமன் மகன், அத்தை மகன் என்றால் உங்கள் பிறந்த வீட்டில் ஓடுகிற எச்.எல்.ஏ. வரிசை அவரிடமும் இருக்கலாம். அவருக்கு எதிரான ஆன்டிபாடி உங்கள் உறவினர் யாரைத் தாக்கும், யாரைத் தாக்காது என்று பார்க்கும்போது அந்தத் தகவல் உதவும்.

இதெல்லாம் நடக்கும்போதே, இறந்தவர்களின் உறுப்புக்கான டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் உங்கள் மருத்துவமனை மூலமாகப் பதிந்து வையுங்கள். உயிரோடு இருப்பவர் ஒருவர் கிடைப்பார் என்று பதிவைத் தள்ளிப்போடுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். காத்திருப்பு நீளமானது, இன்று பதிந்தால் இன்றிலிருந்துதான் கணக்கு.

ஆன்டிபாடியை நீக்கிவிட்டுக் கணவரின் கிட்னியையே வைக்க முடியாதா என்றால், முடிகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளாஸ்மா மாற்று, இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்ஸிமாப் எல்லாம் அதற்குத்தான். ஆன்டிபாடியின் அளவு குறைவாக இருந்தால் இது நடைமுறையில் சாத்தியம். அதிகமாக இருந்தால் செலவு ஏறும், தொற்று வரும், எடுத்த ஆன்டிபாடி திரும்பியும் வரும். ஆன்டிபாடியைச் சில மணி நேரத்தில் வெட்டிப் போடும் இம்லிஃபிடேஸ் என்ற மருந்துக்கு 2020இல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. விலை மிக மிக அதிகம், அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு முதலில் ஸ்வாப், அதற்குப் பிறகுதான் இது.

அப்புறம், இதை மறந்துவிடாதீர்கள். டயாலிசிஸில் ரத்தம் குறையும்போது “ஒரு யூனிட் ஏத்திடலாம்” என்பார்கள். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் புதுப் புது ஆன்டிபாடிகளைக் கிளப்பலாம், ஏற்கெனவே பிள்ளை பெற்றவருக்கு இன்னும் வேகமாக. அவசர நிலை என்றால் மறுக்க வேண்டாம், உயிர் முதலில். அவசரம் இல்லையென்றால் இரும்புச்சத்து ஊசி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி இவற்றால் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். பாசத்தில் உங்கள் கணவரோ, மகளோ, அண்ணன் தம்பியோ தங்கள் ரத்தத்தையே உங்களுக்கு ஏற்றச் சொல்லி வந்து நிற்கக் கூடாது. அவர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், உங்களுக்கு வேறு யாருடையதாவது வரட்டும். ஏற்றிய பிறகு இரண்டு மூன்று வாரத்தில் ஆன்டிபாடி டெஸ்ட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.

நம் ஊரில் மனைவி கணவருக்குக் கொடுப்பது சாதாரணம், கணவர் மனைவிக்குக் கொடுப்பது அபூர்வம். பெண்களின் ரத்தத்தில் இருக்கும் இந்த ஆன்டிபாடி அதற்கு ஒரு சின்னக் காரணம், நிச்சயமாக முழுக் காரணம் இல்லை. எத்தனையோ வீடுகளில் பேச்சு கிராஸ்மேட்ச் வரைக்கும் வருவதே இல்லை. உங்கள் கணவர் எல்லா டெஸ்ட்டுக்கும் கை நீட்டிவிட்டு நிற்கிறார். இன்னொருவருக்குத் தன் கிட்னியைக் கொடுத்து உங்களுக்கு ஒன்றை வாங்கித் தர அவர் சம்மதிப்பாரா என்று இன்றே கேளுங்கள். சம்மதித்தால், அடுத்த முறை நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்க்கும்போது இருவரும் சேர்ந்து போங்கள். ஆன்டிபாடி எந்த அடையாளத்துக்கு எதிரானது, அளவு எவ்வளவு, பிஆர்ஏ (நூறு பேரில் எத்தனை பேரின் உறுப்பு உங்கள் ஆன்டிபாடியால் ஆகாது என்ற கணக்கு) எத்தனை சதவீதம் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வாப் பட்டியல் உள்ள எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.